ஓட்டு போடும் முறைக்கே ஓர் ஓட்டு

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள கடலில், பிரான்ஸ் கரைக்குப் பக்கமாக, கெர்ன்சி என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. பரப்பளவு 65 சதுர கிலோமீட்டர் அளவுதான், மக்கள்தொகை சுமார் 63,000. பிரிட்டிஷ் அரசருக்குக் கட்டுப்பட்டது, ஆனால் பிரிட்டனின் பகுதி கிடையாது; தனிச் சட்டசபை, தனி வரி, தனிச் சட்டம். பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட விக்தோர் உய்கோ 15 வருடம் வாழ்ந்த தீவு என்று சொன்னால் புதுச்சேரிக்காரர்களுக்குச் சட்டென்று மனதில் நிற்கும்.

அந்தத் தீவில் 2018 அக்டோபர் 10ஆம் தேதி ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. யார் ஆள வேண்டும் என்று கேட்கவில்லை. யாரோடு சேர வேண்டும், யாரைவிட்டுப் பிரிய வேண்டும் என்றும் கேட்கவில்லை. "இனிமேல் உங்கள் பிரதிநிதிகளை எந்த முறையில் தேர்ந்தெடுக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார்கள். ஓட்டு போடும் முறைக்கே ஓர் ஓட்டு. நம்மிடம் இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். புதுச்சேரியில் 2021 தேர்தலின்போது வாக்காளர்கள் சுமார் 10 லட்சம், தொகுதிகள் 30, அதாவது ஒரு தொகுதிக்குச் சராசரியாக 33,000 பேர். கெர்ன்சியின் மொத்த வாக்காளர் பட்டியலே ஏறக்குறைய அவ்வளவுதான். நம் ஊரில் ஒரே ஒரு எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் அங்கே 38 பேரைத் தேர்ந்தெடுக்கிறது. பக்கத்திலிருக்கும் ஆல்டர்னி தீவிலிருந்து வரும் இரண்டு பேரைச் சேர்த்தால் சபையில் 40 பேர். அந்த 38 பேரை டெபுட்டி என்பார்கள். பதினாறு வயதிலேயே அங்கே ஓட்டுரிமை உண்டு.

2004லிருந்து தீவு ஏழு தொகுதிகளாக இருந்தது. வாக்கெடுப்பு நடந்த சமயத்தில் ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்தாறு டெபுட்டிகள், வாக்காளருக்கும் அத்தனை ஓட்டுகள். நம் கண்ணுக்கு இது தாராளமான ஏற்பாடாகத் தெரியும். ஆனால் அங்கே பலருக்கு ஒரு மனக்குறை இருந்தது. தீவே இவ்வளவு சின்னது, அதன் வரவு செலவை எல்லாம் தீர்மானிக்கிற முக்கியமான ஆள் அடுத்த தொகுதியில் நிற்கிறார், அவரை நான் தூக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை, இது என்ன நியாயம்? தீவு முழுவதையும் ஒரே தொகுதியாக்குங்கள் என்ற கோரிக்கை பல வருடம் சபைக்கு வருவதும் தள்ளுபடியாவதுமாக இருந்தது. இந்த முறையில் ஜெயித்து வந்தவர்கள் இந்த முறையை மாற்றச் சம்மதிப்பார்களா? எந்த ஊரிலும் அது லேசில் நடக்காது. கடைசியில், சரி, மக்களையே கேட்டுவிடுவோம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கேட்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வேண்டும், வேண்டாம் என்று இரண்டே கட்டம் போட்டு முடித்துவிடவில்லை. ஐந்து வழிகளை முன்னால் வைத்தார்கள். முதல் வழி, தீவு முழுவதும் ஒரே தொகுதி, ஒவ்வொருவருக்கும் 38 ஓட்டு. இரண்டாவது, சிலரைத் தீவு முழுவதும் சேர்ந்தும் மீதிப் பேரைத் தொகுதிவாரியாகவும் தேர்ந்தெடுப்பது. மூன்றாவது, இப்போது இருக்கிற ஏழு தொகுதி அப்படியே தொடர்வது. நான்காவது, ஏழுக்குப் பதில் நான்கு பெரிய தொகுதிகள். ஐந்தாவது, ஒரே தொகுதிதான், ஆனால் எல்லோரையும் ஒரே நாளில் தேர்ந்தெடுக்காமல் ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒரு பங்கு பேரை மட்டும் தேர்ந்தெடுப்பது. வாக்காளர் இந்த ஐந்துக்கும் தன் விருப்பப்படி 1, 2, 3 என்று எண் போட வேண்டும்.

எண்ணும்போது முதலில் எல்லோருடைய 1ஐயும் எண்ணுவார்கள். எதுவும் பாதியைத் தாண்டவில்லை என்றால் கடைசியில் இருப்பதைக் கழித்துவிட்டு, அதற்கு 1 போட்டவர்களின் 2 எங்கே இருக்கிறதோ அங்கே அந்த ஓட்டைச் சேர்ப்பார்கள். ஒன்று பாதியைத் தாண்டும்வரை இப்படியே போகும். இது நமக்குப் புதிதில்லை, குடியரசுத் தலைவரை நம் எம்.எல்.ஏ.க்கள் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 1969இல் வி.வி. கிரி முதல் சுற்றில் தேவையான ஓட்டை எட்டவில்லை, இரண்டாம் விருப்ப ஓட்டுகளைச் சேர்த்த பிறகுதான் ஜெயித்தார். எம்.எல்.ஏ.க்களுக்கும் எம்.பி.க்களுக்கும் கொடுத்திருக்கிற இந்த வசதியை மக்களாகிய நமக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கு எப்போதும் ஓர் ஆதங்கம் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா குடும்பம் இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டுப் பெரியவரை நாங்கள் முசே என்று கூப்பிடுவோம். பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் இங்கேயே வாக்குச்சாவடி போடுவார்கள், முசே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரிடம் கெர்ன்சி விஷயத்தைச் சொன்னதும் நேராக 2002க்குப் போய்விட்டார். அந்த வருடம் ஏப்ரலில் பிரான்சில் இடதுசாரிகள் ஆளாளுக்குத் தனித்தனியாக நின்றார்கள், ஓட்டு சிதறியது, பிரதமராக இருந்த ழொஸ்பேன் முதல் சுற்றிலேயே வெளியே போனார், தீவிர வலதுசாரி லெ பென் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டார். இரண்டாம் சுற்றில் சிராக்குக்கு 82 சதவிகிதம். "எண் போட்டு வரிசை சொல்ல விட்டிருந்தா அந்தக் கூத்து நடந்திருக்குமா தம்பி?" என்றார் முசே. "வேற வழியில்லாமப் போட்டவங்க எத்தனை லட்சம் பேர்!" அவர் பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் புதுச்சேரி சட்டசபைக்கு அவருக்கு ஓட்டு இல்லை. ஆனால் ஓட்டு முறையைப் பற்றி இந்தத் தெருவிலேயே அதிகம் யோசித்தவர் அவர்தான்.

சரி, கெர்ன்சியில் என்ன ஆனது? வாக்களித்தவர்கள் 45 சதவிகிதம். 40 சதவிகிதத்தைத் தாண்டினால்தான் முடிவை நிறைவேற்றுவோம் என்று சபை முன்கூட்டியே சொல்லியிருந்தது, அதைத் தாண்டிவிட்டது. கடைசிச் சுற்றில் மோதியவை தீவு முழுவதும் ஒரே தொகுதி என்ற முதல் வழியும், பழைய ஏழு தொகுதி முறையும். பாதியைச் சற்றே தாண்டி முதல் வழி ஜெயித்தது.

எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் அந்த ஊர்க்காரனாக இருந்திருந்தால் ஏழு தொகுதிக்கு 1ம், நான்கு தொகுதிக்கு 2ம் போட்டிருப்பேன். எந்த வேலைக்கும் 'இது என் ஆள், இவரைப் போய்ப் பிடிக்கலாம்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். 38 பேரும் எல்லோருக்கும் பொது என்றால் கால்வாய் அடைத்துக்கொண்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

2020 அக்டோபரில் புது முறையில் முதல் தேர்தல். 38 இடத்துக்கு 119 பேர் நின்றார்கள். ஒரே சீட்டில் 119 பெயர், அதில் 38 பேர்வரை டிக் அடிக்கலாம், யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் பதினைந்து பேர் நின்றாலே, யார் எந்தக் கட்சி, எது டம்மி வேட்பாளர் என்று பூத் வாசலில் தலையைச் சொறிகிறோம். அங்கே அதுவரை கட்சி அரசியலே கிடையாது, பெரும்பாலோர் தனி ஆட்கள், அதனால் ஒவ்வொருவரையும் பற்றித் தெரிந்துகொண்டுதான் போட வேண்டும். வேட்பாளர்களின் அறிக்கைகளை எல்லாம் சேர்த்து ஒரு தடிப் புத்தகமாக அச்சடித்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். சாப்பாட்டு மேசையில் அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டு, இவர் வேண்டும் இவர் வேண்டாம் என்று ஒரு குடும்பம் உட்கார்ந்து பேசுவதை நான் மனதில் பலமுறை பார்த்துவிட்டேன். பதிவு செய்தவர்களில் 80 சதவிகிதத்தை ஒட்டி வாக்களித்தார்கள். ஓட்டை மெஷினில் எண்ணினார்கள்.

பின்விளைவுகளும் இருந்தன. அதுவரை கட்சி இல்லாத தீவில் அந்தத் தேர்தலை ஒட்டியே கட்சிகள் முளைத்தன. தீவு முழுவதும் பெயர் தெரிய வேண்டும் என்றால் தனி ஆளால் எப்படி முடியும், அப்புறம் கூட்டணி சேராமல் இருப்பார்களா? 2016இல் 12 பெண்கள் ஜெயித்திருந்தார்கள், 2020இல் எட்டுப் பேர்தான். ஏற்கெனவே ஊரறிந்தவர்களுக்கு இந்த முறை சாதகம், புதிதாக வருபவர்களுக்குக் கஷ்டம் என்பதுதான் என் கணிப்பு. ஆனால் 2025 ஜூனில் அதே முறையில் இரண்டாவது தேர்தலும் நடந்தது, 82 பேர் நின்றார்கள், முடிந்த பிறகு அரசுக்குத் தலைமை தாங்கும் பொறுப்புக்கு முதல்முறையாக ஒரு பெண், லின்ட்சி டி சோஸ்மரேஸ், வந்தார். ஆக ஒரே தேர்தலை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

எனக்குப் பிடிக்காத முடிவு என்றேன். அப்படியிருந்தும் நான் கெர்ன்சி பக்கம்தான் நிற்பேன், ஏனென்றால் அங்கே கேட்டார்கள், கேட்டதை மதித்தார்கள். பக்கத்துத் தீவான ஜெர்சியில் நடந்ததைப் பார்த்தால் இந்த இரண்டாவது பாதி எவ்வளவு முக்கியம் என்று புரியும். அங்கே 2013 ஏப்ரல் 24ஆம் தேதி இதே மாதிரி ஒரு வாக்கெடுப்பு, மூன்று வழிகள், வாக்களித்தவர்கள் 26 சதவிகிதம். ஒரு வழி ஜெயித்தது. ஜூலையில் அது சபைக்கு வந்தபோது உறுப்பினர்கள் தோற்கடித்துவிட்டார்கள். அந்த வழியில் ஊருக்கு ஒருவர் என்று வரும் கான்ஸ்டபிள்கள் (போலீஸ்காரர்கள் இல்லை, ஊர்த் தலைவர்கள்) சபையில் நீடிப்பார்கள், அதனால் ஜனம் நெருக்கமாக வாழும் தலைநகருக்கு எடை குறையும் என்பது நியாயமான ஆட்சேபணைதான். ஆனால் அதை வாக்கெடுப்புக்கு முன்னாலேயே பேசியிருக்க வேண்டும். மக்களை வரவழைத்து ஓட்டு போடச் சொல்லிவிட்டு, பிறகு முடிவைத் தூக்கிப் போட்டால் அடுத்த தடவை யார் வருவார்கள்?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

பொதுவாக்கெடுப்பு என்ற சொல் புதுச்சேரிக்குப் புதிதில்லை. வில்லியனூர் பக்கம் கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி நடந்ததை நாம் ஒவ்வொரு ஆகஸ்டு 16ஆம் தேதியும், சட்டப்படி இணைப்பு முடிந்த நாளில், நினைவுகூர்கிறோம். இந்தியாவோடு இணையலாமா என்ற கேள்விக்கு 170 பேர் ஆம் என்றார்கள், 8 பேர் இல்லை என்றார்கள். மொத்தம் 178 பேர். எல்லோரும் மக்கள் பிரதிநிதிகள், மன்ற உறுப்பினர்கள். இணைப்பு சரியான முடிவு, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் என் தாத்தாவையோ பாட்டியையோ யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. பிரெஞ்சு இந்தியாவின் இன்னொரு பகுதியான சந்திரநாகூரில் 1949இல் மக்களே நேரடியாக ஓட்டு போட்டார்கள், 7,473 பேர் இணைப்புக்கு ஆதரவு, 114 பேர் எதிர்ப்பு. இங்கே அப்படி நடக்கவில்லை.

அதற்கு அப்புறம் 1979. புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு டெல்லியிலிருந்து வந்ததும் ஜனவரியில் ஊரே கொதித்தது. அப்பா அப்போது இளைஞர். கடைகள் எல்லாம் மூடிக் கிடந்ததையும், துப்பாக்கிச்சூடு என்று செய்தி வந்ததும் தெருவே வீட்டுக்குள் போனதையும் இன்றும் குரலை இறக்கித்தான் சொல்வார். உயிர்கள் போன பிறகுதான் அந்த யோசனை கைவிடப்பட்டது. கோவாவில் 1967 ஜனவரி 16ஆம் தேதி இதே கேள்வியைச் சீட்டில் அச்சடித்துக் கேட்டார்கள், மகாராஷ்டிரத்தோடு சேரலாமா, தனியாகவே இருக்கலாமா என்று. தனியாக இருப்போம் என்பது 34,021 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. பூத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். நாம் அதையே தெருவில் நின்று, ரத்தம் சிந்திச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது இருக்கிற முறைக்கு வருவோம். நம் சட்டசபையில் நாம் தேர்ந்தெடுப்பவர்கள் 30 பேர். புதுச்சேரியில் 23, காரைக்காலில் 5, மாகேயில் 1, ஏனாமில் 1. இதற்கு மேல் மூன்று பேர்வரை மத்திய அரசு நியமிக்கலாம் என்று 1963ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. நியமன எம்.எல்.ஏ.க்களுக்கு பட்ஜெட்டிலும் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் ஓட்டு உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நியமன உறுப்பினர் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டு போட முடியாது, அது மக்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும். 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு பெரும்பான்மை இழந்து விலகியபோது எதிர்த்தரப்பில் இருந்த 14 பேரில் மூன்று பேர் நியமன உறுப்பினர்கள். எந்தக் கட்சி போனது, எந்தக் கட்சி வந்தது என்பது என் கவலை இல்லை. நியமன உறுப்பினர்களையும் சேர்த்து 33 பேர் சபையில் மூன்று என்பது பதினொன்றில் ஒரு பங்கு. அந்தப் பங்கு யார் கையில் இருக்க வேண்டும் என்று புதுச்சேரி வாக்காளரை ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டாமா?

இதைவிட எனக்கு உறுத்துவது உள்ளாட்சித் தேர்தல். புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006இல்தான் நடந்தது, அதுவும் நீதிமன்றம் தலையிட்ட பிறகு. அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் மறுபடி தேதி அறிவித்து, இடஒதுக்கீட்டுச் சிக்கல், வழக்கு என்று நின்றுபோனது. என் அக்கா கடலூரில் இருக்கிறாள், முள்ளோடை தாண்டினால் அரைமணி நேரம்கூட ஆகாது. அங்கே 2022இல் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. போன மழைக்கு அவள் வீட்டு வாசலில் சாக்கடை வழிந்தபோது கவுன்சிலர் நம்பருக்குப் போன் போட்டாள், மறுநாள் ஆள் வந்தது. அதே மழைக்கு எங்கள் தெருவிலும் வழிந்தது. நான் ஒரு அலுவலகத்துக்குப் போனேன், அங்கிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அங்கே மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், அவர்மீது எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அடுத்த தேர்தலில் என் ஓட்டு அவருக்குத் தேவையே இல்லை. அக்காவின் ஓட்டு அந்தக் கவுன்சிலருக்குத் தேவை.

31,000 சொச்சம் வாக்காளர்கள் இருக்கிற ஒரு தீவு தன் தேர்தல் விதியைத் தானே உட்கார்ந்து எழுத முடிந்தால், 10 லட்சம் பேர் இருக்கிற நாம் ஏன் கேட்கக்கூடாது? அரசியல் சட்டத்தில் பொதுவாக்கெடுப்புக்கு ஏற்பாடு இல்லை என்று உடனே சொல்வார்கள். கோவாவில் நடத்தியபோதும் அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை, நாடாளுமன்றம் அதற்கென்று தனியாக ஒரு சட்டம் போட்டது. டெல்லியில் மனம் இருந்தால் வழி இருக்கிறது. மாநில அந்தஸ்து வேண்டும் என்று நம் சட்டசபை தீர்மானம் போட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தீர்மானத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம். லட்சக்கணக்கான மக்கள் எண் போட்டுக் கொடுத்த சீட்டை அவ்வளவு சுலபமாகப் பூட்டிவைக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு சின்னச் சீட்டு தயார் செய்தேன். நான்கு வழிகள் எழுதினேன். இப்போது இருப்பதுபோல 30 பேரும் ஓட்டுள்ள நியமன உறுப்பினர்களும். நியமன உறுப்பினர்கள் இருக்கலாம், ஆனால் பட்ஜெட்டிலும் நம்பிக்கைத் தீர்மானத்திலும் ஓட்டு கிடையாது. நியமனமே வேண்டாம், 30 பேர் மட்டும். நியமன இடங்களுக்குப் பதில் கட்சிகள் மொத்தமாக வாங்கிய ஓட்டு விகிதத்தின்படி நிரப்பும் சில இடங்கள். அப்பா, அம்மா, என் மனைவி, தம்பி, நான் என்று ஐந்து பேரும் எண் போட்டோம். அப்பாவும் அம்மாவும் '30 பேர் மட்டும்' என்பதற்கு 1 போட்டார்கள். நானும் என் மனைவியும் விகிதாசார இடங்களுக்கு. தம்பி, நியமன உறுப்பினர்கள் இருந்துவிட்டுப் போகட்டும், ஓட்டு மட்டும் வேண்டாம் என்றான். அவன் வழி கழிந்ததும் அவனுடைய 2 அப்பா பக்கம் போனது. மூன்றுக்கு இரண்டு, என் யோசனை தோற்றது. எண்ணி முடித்தபோது அப்பாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அம்மா சீட்டை மறுபடி வாங்கிப் பார்த்தாள். "இதெல்லாம் சரி. கவுன்சிலர் தேர்தல் எப்போன்னும் ஒரு கேள்வி சேரு. எனக்கு அதுதான் ஒண்ணு" என்றாள்.